முப்பத்தேழு கையெழுத்துகள்

அருளம்மாள் ஆவூரில் பிறந்து ஆவூரிலேயே வாழ்க்கைப்பட்டவர். கணவர் ஜஸ்டினுக்கு ஊருக்குக் கிழக்கே இரண்டு ஏக்கர் நிலம் உண்டு. மழை பெய்தால் நெல், பெய்யாவிட்டால் உளுந்து. ஒரே மகள் ஸ்வீட்டி கல்யாணமாகித் திருச்சியில் இருக்கிறாள். பி.காம். படித்திருந்த அருளம்மாள் தொண்ணூற்று நான்கில் கீரனூர் சாலையில் இருந்த நூல் மில்லில் கணக்குப் பிரிவில் சேர்ந்தார். பிறகு வேறு வேலைக்குப் போகவில்லை. காலை எட்டே காலுக்கு டிபன் பாக்ஸோடு ஸ்கூட்டியில் கிளம்புவார், ஆறு மணிக்குத் திரும்புவார். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் காலைப் பூசை. அவரைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் இதற்கு மேல் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மில்லில் அவரை எல்லாருக்கும் தெரியும். ஓய்வு நிதி அவர் கையில் இருந்ததுதான் காரணம். அரசாங்கத்தின் வருங்கால வைப்பு நிதி தனியாகப் போய்க்கொண்டிருந்தது. அதற்கு மேல் பழைய முதலாளி தொண்ணூற்று எட்டில் மில்லுக்கென்றே ஒரு நிதி தொடங்கினார். தொழிலாளி மாதாமாதம் சம்பளத்தில் ஒரு சிறு தொகை போடுவார், மில் அதே அளவு போடும். ஐம்பத்தெட்டு வயதில் மொத்தமாகக் கையில் கிடைக்கும். நடுவில் அவசரம் வந்தால் தன் பங்கில் பாதி வரை கடன் எடுக்கலாம். அதற்கு ஒரு விதிப் புத்தகம் அச்சடித்து வைத்திருந்தார்கள். விண்ணப்பம் எழுத வேண்டும், இரண்டு சாட்சிகள் முன்னால் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், நிதியை நிர்வகிக்கும் ஐந்து டிரஸ்டிகள் கூடித் தீர்மானம் போட வேண்டும், மூன்று வருடத்தில் வட்டியோடு சம்பளத்தில் பிடித்துவிட வேண்டும்.

பத்து வருடம் அப்படித்தான் நடந்தது. பிறகு ரெங்கசாமி மேனேஜராக வந்தார். இரக்க குணம் உள்ளவர், காகிதம் பிடிக்காதவர்.

“ஆஸ்பத்திரில பிள்ளையப் போட்டுட்டு வந்து நிக்கிறவன்கிட்ட ஃபாரத்த நீட்டுறதா? குடுத்துவிடுங்கம்மா. பேப்பரெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்” என்பார்.

ஒரு துண்டுச் சீட்டில் ‘கொடுக்கவும்’ என்று எழுதி அடியில் கிறுக்குவார். அருளம்மாள் கொடுத்தார். போகப் போகச் சீட்டும் நின்றது. போனில் சொன்னால் போதும் என்றாயிற்று. கொரோனாவில் மில் மூடிக் கிடந்தபோது ஆவூர் வீட்டிலிருந்தபடியே பெயர்களை நோட்டில் குறித்துக்கொண்டு பலருக்கு வங்கி வழியாக அனுப்பினார். மில் திறந்த பிறகு பிடித்தம் தொடங்கியது. ஒரு மாதம் ஆயிரம், ஒரு மாதம் ஐந்நூறு, தீபாவளி மாதம் ஒன்றுமில்லை. வட்டி யாருக்கும் போடவில்லை. தொழிலாளிகள் ரெங்கசாமியைத் தெய்வம் மாதிரி பார்த்தார்கள். இரண்டாயிரத்து இருபத்திரண்டில் அவர் ஓய்வு பெற்றுக் கோயம்புத்தூருக்குப் போனபோது கழுத்து மறையும் அளவுக்கு மாலை விழுந்தது. அவர் பார்த்துக்கொள்ளலாம் என்ற காகிதங்கள் அப்போதும் எழுதப்படாமலே இருந்தன.

அந்தக் காலத்தில் ஒரே ஒரு கடனுக்கு மட்டும் எல்லாக் காகிதமும் இருந்தது. அது இரண்டாயிரத்துப் பதினாறில், ஸ்வீட்டியின் கல்யாணத்துக்காக, அருளம்மாளே எடுத்த கடன். விண்ணப்பம், பத்திரம், சாட்சி, தீர்மானம் எல்லாவற்றையும் உட்கார்ந்து ஒழுங்காக எழுதினார். கணக்குப் பார்க்கிறவளே எடுத்துக்கொண்டாள் என்று நாளைக்கு ஒரு பேச்சு வந்துவிடக் கூடாது என்று நினைத்தார். வட்டி உட்பட முப்பத்தாறு தவணையில் கட்டி முடித்தார்.

இரண்டாயிரத்து இருபத்து நான்கு பிப்ரவரியில் மில் ஆடிட்டரை மாற்றியது. திருச்சியிலிருந்து இலக்கியா என்ற பெண் வந்தார். முப்பது வயது இருக்காது. நான்கு நாள் கணக்கறையில் ஒரு மூலையில் உட்கார்ந்து பழைய கோப்புகளைப் புரட்டினார். ஐந்தாம் நாள் அருளம்மாளைக் கூப்பிட்டார்.

“மேடம், ரெங்கசாமி சார் காலத்துல குடுத்ததா முப்பத்தெட்டுக் கடன் லெட்ஜர்ல இருக்கு. ஒண்ணுக்குத்தான் பத்திரம் பாத்தேன். மத்ததெல்லாம் எங்க இருக்கு?”

“மத்ததுக்கு இல்லைங்க.”

“இல்லைன்னா? வேற ரூம்ல இருக்கா?”

“எழுதவே இல்லை.”

இலக்கியா பேனாவை மூடி வைத்தார். குரலை உயர்த்தவில்லை. பத்திரமும் தவணையும் இல்லாமல் கொடுத்த பணத்தைக் கடன் என்று சொல்ல முடியாது என்றார். அந்த ஆட்கள் ஓய்வுப் பணத்தை இப்போதே எடுத்துக்கொண்டு போய்விட்டதாகத்தான் கணக்கில் வரும். அவர்கள் தலையில் வரி விழலாம், கடைசியில் கைக்கு வருவது குறையும், நிதிக்கு இருக்கிற வரிச் சலுகைக்கே ஆபத்து வரலாம். நாமே கண்டுபிடித்து நாமே திருத்திக்கொண்டால் பிழைக்கலாம். ஜூன் கடைசிக்குள் ஒவ்வொரு கடனுக்கும் காகிதம் வேண்டும்.

புது மேனேஜர் வசந்த் இதைக் கேட்டுவிட்டு ஐந்து நிமிடத்தில் வழி கண்டுபிடித்தார்.

“சிம்பிள் மேடம். பணம் குடுத்த தேதியப் போட்டு முப்பத்தேழு பத்திரம் ரெடி பண்ணுங்க. கையெழுத்து வாங்குங்க. டைம் ஆபீஸ்ல ரெண்டு பேரச் சாட்சி போடச் சொல்றேன். முடிஞ்சுது.”

“பழைய தேதியிலயா?”

“பின்ன? அன்னைக்கு எழுதியிருக்க வேண்டியதத்தானே இப்ப எழுதுறோம்?”

அது சரி என்றே அருளம்மாளுக்கும் பட்டது. முத்திரைத் தாளில் எழுதினால் பின்பக்கம் விற்ற தேதி இருக்கும் என்பதால் வெள்ளைத் தாளில் எழுதினார். நீல மையில் சில, கறுப்பு மையில் சில. கொடுத்த தேதியை லெட்ஜரில் பார்த்து, ‘இன்று மில் அலுவலகத்தில் நேரில் ஆஜராகி, கீழ்க்கண்ட சாட்சிகள் முன்னிலையில்’ என்று தொடங்கி ஒவ்வொன்றையும் கையாலேயே எழுதினார். அவருடைய கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

மில்லில் வேலையில் இருந்தவர்களிடம் ஷிப்டு மாறும் நேரத்தில் கையெழுத்து வாங்கினார். வேலையை விட்டுப் போனவர்களையும் விடுப்பில் இருந்தவர்களையும் தேடிப் போனார். திருமயத்தில் வெள்ளைச்சாமி என்ற பழைய வாட்ச்மேன் மகன் வீட்டில் இருந்தார். காகிதத்தை வாங்கிக் கண்ணாடி போடாமலே கையெழுத்திட்டு, “நீங்க எழுதினா சரியாத்தாம்மா இருக்கும்” என்றார். கந்தர்வக்கோட்டைப் பக்கம் நூற்புப் பிரிவில் வேலை செய்யும் கண்ணாத்தாளைத் தேடிப் போனபோது அவர் முந்திரிக் காட்டில் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார். கையைப் புடவையில் துடைத்துவிட்டு வந்தார்.

“இதுல கையெழுத்துப் போட்டா எனக்கு ஏதும் கொறையுமாக்கா?”

“ஒண்ணும் கொறையாது. கணக்க நேராக்குறோம், அவ்வளவுதான்.”

“இதோட முடிஞ்சிருமா?”

“முடிஞ்சிரும்.”

கண்ணாத்தாள் போட்டுக் கொடுத்தார். முந்திரிப் பால் பட்டுத் தாளின் ஓரம் கறையானது.

மே மாதத்தில் முப்பத்தாறு முடிந்திருந்தது. மிச்சம் ஆத்மநாதன் ஒருவர். மில்லில் ஃபிட்டராக இருந்தவர். இருபத்தொன்றில் வேலையை விட்டுவிட்டு ஜெகதாப்பட்டினத்தில் ஒரு ஐஸ் கம்பெனிக்குப் போய்விட்டார். அவருடைய கடனில் பாதிக்கு மேல் பாக்கி நின்றதால் ஓய்வு நிதியில் இருந்த பங்கையும் வாங்காமல் விட்டுப் போயிருந்தார். போனில் விவரம் சொன்னபோது, “வாங்க மேடம், இருக்கேன்” என்று மட்டும் சொன்னார்.

அருளம்மாள் புதுக்கோட்டையில் பஸ் ஏறி, அறந்தாங்கியில் மாறி, பகல் பதினொரு மணிக்குப் போய் இறங்கினார். மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. ஐஸ் கம்பெனியில் ஐஸ் இல்லை. தொட்டிகளைக் காய விட்டு இயந்திரங்களைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். ஆத்மநாதன் கம்ப்ரெசர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதுக்குத் தலை நன்றாக நரைத்திருந்தது.

“இங்கிட்டு வாங்க மேடம். அங்கிட்டு ஆயில் கெடக்கு, வழுக்கும்.”

ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டீ வாங்கிவரச் சொல்லி ஆளனுப்பினார். கையைக் கழுவி வந்து காகிதத்தை வாங்கிக்கொண்டு வெளிச்சத்துக்குப் போனார். மற்றவர்கள் யாரும் செய்யாததை அவர் செய்தார். முழுதும் படித்தார். படித்துவிட்டு மறுபடி மேலே போனார்.

“மேடம், இதுல இருபதாம் வருசம் மே மாசம் பதினாலாம் தேதின்னு போட்டிருக்கு.”

“ஆமா. அன்னைக்குத்தான் ஒங்க அக்கவுண்டுக்குப் பணம் போட்டேன்.”

“பணம் வந்துச்சு. வரலைன்னு சொல்லல. ஆனா அன்னைக்கு நான் மில்லு ஆபீசுக்கு வந்து, ரெண்டு பேரு முன்னால நின்னு கையெழுத்துப் போட்டேன்னு எழுதியிருக்கீங்க.”

“அது ஒரு முறைக்கு எழுதுறதுதான் ஆத்மநாதன். எல்லாருக்கும் அப்படித்தான் எழுதியிருக்கு.”

அவர் காகிதத்தை மடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

“பதினாலாம் தேதி காலையில ராஜலட்சுமிய எடுத்தோம். முந்தின ராத்திரி தஞ்சாவூர்ல உசுரு போச்சு. ஊரடங்குன்னு ஆளுக யாரையும் விடல. நானு, என் தம்பி, மச்சான், இன்னும் ரெண்டு பேரு. காட்டுலருந்து வந்து குளிச்சிட்டு உக்காந்திருக்கையில போனு சத்தம் குடுத்துச்சு. பாத்தா ஒங்க பணம்.”

அருளம்மாளுக்கு அவருடைய மனைவிக்குச் சிறுநீரகக் கோளாறு இருந்தது தெரியும். அதற்குத்தான் கடன் கேட்டார். இறந்துபோனதும் தெரியும், மில் திறந்த பிறகு யாரோ சொன்னார்கள். தேதி தெரியாது. ஆத்மநாதன் கேட்டது அந்த மாதம் நான்காம் தேதி. ரெங்கசாமி தன் சொந்த ஊரில் மாட்டிக்கொண்டிருந்தார், வங்கியில் இரண்டு பேர் ஒப்புதல் வேண்டியிருந்தது, பத்து நாள் ஆகிவிட்டது. இவ்வளவும் அவருக்கு இப்போது வரிசையாக ஞாபகம் வந்தது.

“பணம் லேட்டானதச் சொல்ல வரல மேடம்” என்றார் ஆத்மநாதன். “அது வந்திருந்தாலும் அவ பொழச்சிருக்க மாட்டா, டாக்டரே சொல்லிட்டாரு. அந்தப் பணத்துலதான் காரியம் செஞ்சேன். நான் வாங்கினேன், கட்டணும். எத்தனை பேப்பர் வேணும்னாலும் போட்டுத் தாரேன். ஆனா அன்னைக்கு நான் ஆபீசுல நின்னேன்னு போட மாட்டேன். அன்னைக்கு நான் எங்க நின்னேன்னு எனக்குத் தெரியும்ல?”

டீ வந்தது. இருவரும் குடித்தார்கள். அருளம்மாள் வற்புறுத்தவில்லை. ஜூனில் மறுபடி திறக்கும்போது எத்தனை பார் ஐஸ் போடுவீர்கள் என்று கேட்டார். அவர் சொன்னார். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்துகொண்டார். ஆத்மநாதன் பஸ் நிறுத்தம் வரை கூட வந்து, பஸ் வந்ததும் நடத்துநரிடம் உட்கார இடம் பார்த்துக் கொடுக்கச் சொன்னார்.

அறந்தாங்கி வரும் வரை அருளம்மாள் பையிலிருந்த மற்ற முப்பத்தாறு காகிதங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். முப்பத்தாறு பேர் அந்தந்தத் தேதியில் மில் அலுவலகத்துக்கு வந்து நின்றதாக அவருடைய கையெழுத்து சொன்னது. வெள்ளைச்சாமியின் தேதி ஒரு ஞாயிற்றுக்கிழமை. பத்துக்கு மேற்பட்டவை மில்லே பூட்டிக் கிடந்த நாட்கள். கேட்டில் சீல் இருந்தது. எழுதும்போது இது ஏன் தோன்றவில்லை என்று நினைத்தார். தன்னுடைய கடனுக்கு மட்டும் அன்றைய தேதியிலேயே எல்லாம் எழுதத் தெரிந்திருந்தது என்பதும் நினைவுக்கு வந்தது. அதைப் பற்றி அவர் அதிகம் யோசிக்க விரும்பவில்லை, ஆனாலும் புதுக்கோட்டை வரை அதுவே ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டில் ஜஸ்டினிடம் சொன்னார். ஜஸ்டின் அதிகம் பேசுகிறவர் அல்ல.

“ரிட்டயர்டு ஆக ஒரு வருசம் இருக்கு. இப்பப் போயி எதுக்கு இழுத்து வச்சுக்கிற?” என்றார் முதலில். சற்றுப் பொறுத்து, “அந்த ஆளு சொல்றதும் நெசந்தான்” என்றார்.

மறுநாள் அருளம்மாள் வசந்திடம் போகாமல் இலக்கியாவுக்குப் போன் செய்தார். ஆத்மநாதன் சொன்னதைச் சொன்னார், மற்ற காகிதங்களைப் பற்றியும் சொன்னார்.

“மேடம், பழைய தேதி போடச் சொல்லி நான் கேக்கவே இல்லையே” என்றார் இலக்கியா. “இன்னைக்குத் தேதியில எழுதுங்க. இந்த நாள்ல பணம் வாங்கினேன், அப்பப் பத்திரம் எழுதல, இவ்வளவு கட்டியிருக்கேன், இவ்வளவு பாக்கி, இனிமே இப்படிக் கட்டுறேன்னு எழுதினாப் போதும். திருத்தம்னா அதுதான். நீங்க எழுதி வச்சிருக்கிறது கைல கிடைச்சிருந்தா நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். அது பொய்ப் பத்திரம்.”

வசந்த் கோபப்பட்டார். அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. புதிதாக எழுதினால் எல்லாக் குறையும் வெளியே வரும். வெளியே வந்தது. முப்பத்தேழில் நான்கு பேருக்குத் தங்கள் பங்கில் பாதிக்கு மேல் கொடுத்திருந்தது, அந்த அதிகப்படியை அவர்கள் உடனே திருப்ப வேண்டும். வட்டி யாருக்கும் போடாததால் நிதிக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அதைத் தொழிலாளி தலையில் போட முடியாது, தவறு அலுவலகத்தினுடையது, மில்தான் கொடுக்க வேண்டும் என்று இலக்கியா எழுதிக் கொடுத்தார்.

“யாரு குடுத்தது, யாரு சொல்லிக் குடுத்ததுன்னு டிரஸ்டிங்க கேப்பாங்க மேடம். என்ன சொல்லப் போறீங்க?” என்றார் வசந்த்.

“நடந்தத எழுதித் தாரேங்க.”

எழுதினார். ஒன்றரைப் பக்கம். மேனேஜர் ரெங்கசாமி வாய்மொழியாகச் சொன்னார், விதி தெரிந்திருந்தும் நான் காகிதம் கேட்கவில்லை, பின்னர் தவறான தேதியிட்டு முப்பத்தேழு பத்திரங்கள் நானே தயாரித்தேன், அவற்றைப் பயன்படுத்தவில்லை என்று எழுதியிருந்தது. வசந்த் சொல்லித்தான் தயாரித்தேன் என்று எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும் என்று பின்னால் ஜஸ்டின் சொன்னார். அருளம்மாள் ரெங்கசாமிக்குப் போன் செய்து, அவர் பெயரைக் குறிப்பிட்டிருப்பதைச் சொன்னார்.

“அப்படியா? அந்தப் பணத்தால ஒருத்தனும் கெட்டுப் போகலையேம்மா” என்றார் ரெங்கசாமி. குரல் தளர்ந்திருந்தது.

அருளம்மாள் பழைய காகிதங்களை இலக்கியா சொன்னபடி குறுக்கே கோடு போட்டு ரத்து என்று எழுதிக் கோப்பிலேயே வைத்தார். கிழித்துப் போடுவது அவருக்கு எளிதாக இருந்திருக்கும். பிறகு ஜூன் மாத வெயிலில் மறுபடி முப்பத்தாறு பேரையும் பார்க்கப் புறப்பட்டார். இந்த முறை ஒவ்வொருவருக்கும் படித்துக் காட்டினார். படித்ததும் சிலர் கணக்குக் கேட்டார்கள். இரண்டு பேர் தாங்கள் கட்டிய தவணை குறைவாக இருக்கிறது என்று பழைய சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து காட்டினார்கள். அதில் ஒருவர் சொன்னது சரியாக இருந்தது.

பாதிக்கு மேல் வாங்கியிருந்த அந்த நான்கு பேரில் கண்ணாத்தாளும் ஒருவர். முந்திரி முடிந்து அவர் வேலைக்குத் திரும்பியிருந்தார். அருளம்மாள் சாப்பாட்டு நேரத்தில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து சொன்னார். கண்ணாத்தாள் சோற்றிலிருந்து கையை எடுத்தார்.

“ஒண்ணும் கொறையாதுன்னு அன்னைக்கு நீங்கதானக்கா சொன்னீங்க?”

“சொன்னேன். பாக்காமச் சொல்லிட்டேன்.”

“இப்பப் பதினெட்டாயிரம் கொண்டான்னா நான் எங்கிட்டுப் போவேன்? நானா அதிகமாக் கேட்டேன்? மேனேஜர் ஐயா குடுத்தாரு, வாங்கினேன்.”

“ஒம் மேல தப்பில்லை.”

“தப்பில்லைன்னா எதுக்கு நான் கட்டணும்?”

அருளம்மாள் டிரஸ்டிகளிடம் பேசி, மில்லிலிருந்து தீபாவளி போனஸை முன்கூட்டி வாங்கித் தந்து அதைக் கட்ட வைத்தார். கண்ணாத்தாள் கையெழுத்துப் போட்டார். ஆனால் அதன் பிறகு அவரை அக்கா என்று கூப்பிடவில்லை, மேடம் என்றுதான் கூப்பிட்டார். அந்த வருடம் தீபாவளிக்கு அவர் வீட்டில் யாருக்கும் துணி எடுக்கவில்லை என்று இன்னொரு தொழிலாளி சொல்லி அருளம்மாள் கேள்விப்பட்டார்.

டிரஸ்டிகள் கூட்டம் ஜூன் இருபத்தெட்டில் நடந்தது. முப்பத்தேழு கடனும் அன்றைய தேதியில் தீர்மானமாயின. வட்டிப் பள்ளத்தை மில் நிரப்பியது. நிதியின் சலுகைக்கு ஒன்றும் ஆகவில்லை. அருளம்மாளுக்கு ஒரு மெமோ வந்தது, அந்த வருட இன்கிரிமென்ட் நிறுத்தப்பட்டது. நிதிக் கணக்கு அவரிடமிருந்து எடுக்கப்பட்டு வேறொருவரிடம் போனது. கடைசிப் பத்து மாதம் அவர் பருத்திக் கொள்முதல் பில்களைச் சரிபார்த்தார். வேலை குறைவாக இருந்தது. அவரைப் பார்க்க யாரும் ஜன்னலோரம் வந்து நிற்கவில்லை. முதல் சில வாரம் அது என்னவோ போல் இருந்தது, பிறகு பழகிவிட்டது.

ஆத்மநாதன் மட்டும் தன் பத்திரத்தை மில்லுக்கே வந்து எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருந்தார். தடைக்காலம் முடிந்து ஐஸ் கம்பெனி ஓடத் தொடங்கிவிட்டதால், கூட்டத்துக்கு முந்தின நாள்தான் விடுப்புக் கிடைத்து வந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டு அவர்கள் முன்னால் அருளம்மாள் காகிதத்தைப் படித்தார். மனைவியின் மருத்துவச் செலவுக்காகக் கேட்டது, மே பதினான்காம் தேதி வங்கிக் கணக்கில் வந்தது, அன்று பத்திரம் ஏதும் எழுதப்படவில்லை, இத்தனை தவணை கட்டியது, பாக்கியை ஓய்வு நிதிப் பங்கில் கழித்துக்கொண்டு மீதியைப் பெற்றுக்கொள்ளச் சம்மதம்.

“தேதி?” என்று கேட்டார் ஆத்மநாதன்.

“இன்னைக்குத் தேதி. இருபத்தேழு.”

அவர் குனிந்து நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். சாட்சிகள் போட்டார்கள். ஒரு நகல் வேண்டும் என்றார். அருளம்மாள் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மீதிப் பணம் எப்போது வரும் என்று கேட்டார்.

“டிரஸ்டிங்க போட்டதும் ஒரு மாசத்துல வந்துரும். நிதிக் கணக்கு இனிமே என் கையில இருக்காது. வேற ஆளு வாராங்க. லேட்டானா எனக்குப் போன் பண்ணுங்க, நான் போயிக் கேக்குறேன்.”

“சரிங்க மேடம்” என்று சொல்லிவிட்டு ஆத்மநாதன் கேட்டைத் தாண்டிப் போனார். பணம் இருபத்திரண்டாம் நாள் அவர் கணக்குக்குப் போய்விட்டது. அருளம்மாள் அதைப் புதிதாக வந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.